யார் கணக்கில் இந்தப் பதக்கம்?

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம். முதல் நால்வருக்கும் ஸ்டாப்வாட்ச் காட்டியது ஒரே நேரம்: 10.4 விநாடி. தான்தான் ஜெயித்ததாக ஜமைக்காவின் ஹெர்ப் மெக்கென்லி நினைத்தார். அமெரிக்காவின் லிண்டி ரெமிஜினோவும் மெக்கென்லிதான் ஜெயித்தார் என்று நினைத்து, அவரிடம் போய் வாழ்த்தும் சொல்லிவிட்டார். பிறகு எல்லைக்கோட்டில் எடுத்த படத்தைப் பார்த்தார்கள். ரெமிஜினோவின் தோள் மயிரிழை முன்னால் இருந்தது. தங்கம் அவருக்கு, வெள்ளி மெக்கென்லிக்கு. வெண்கலம் இமானுவேல் மெக்டொனால்ட் பெய்லி என்பவருக்கு.

இந்த மூன்றாமவர் டிரினிடாடில் பிறந்து வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனுக்குப் போய் அந்நாட்டுக்காக ஓடத் தொடங்கியவர். ஆகவே அவர் வெண்கலம் பிரிட்டன் கணக்கில் ஏறியது. அதே ஹெல்சிங்கிக்கு டிரினிடாடும் தனி அணி அனுப்பியிருந்தது. பளுதூக்குதலில் ரோட்னி வில்க்ஸும் லெனாக்ஸ் கில்கூரும் ஆளுக்கொரு வெண்கலம் வாங்கினார்கள். டிரினிடாட் ஏட்டில் அந்த ஆண்டுக்கு இரண்டு பதக்கம்தான். உலகின் அதிவேக ஓட்டத்தில் மேடையேறிய மூவரில் இருவர் கரீபியன்காரர்கள் என்பது எந்தப் பட்டியலிலும் தெரியாது.

ஒலிம்பிக் கணக்கு கொடிவாரியாக எழுதப்படுகிறது. கரீபியனுக்கோ கொடி தாமதமாகத்தான் வந்தது. ஜமைக்காவுக்கும் டிரினிடாடுக்கும் 1962, பார்படாஸுக்கும் கயானாவுக்கும் 1966, பஹாமாஸுக்கு 1973, கிரெனடாவுக்கு 1974, சூரிநாமுக்கு 1975, செயின்ட் லூசியாவுக்கு 1979. குவாதலூப்பும் மார்த்தினிக்கும் இன்றும் பிரான்சின் மாவட்டங்கள். கயானாவும் சூரிநாமும் வரைபடத்தில் தென் அமெரிக்கக் கரையில் இருக்கின்றன. ஆனால் வரலாறும் வாழ்க்கையும் கரீபியனோடு சேர்ந்தவை என்பதால் இந்தக் கட்டுரை அவற்றையும் சேர்த்தே பார்க்கிறது. கரீபியன் தடகளம் என்றால் உசைன் போல்ட்டிலிருந்து தொடங்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. போல்ட் 2008இல் பெய்ஜிங்கில் ஓடியபோது அந்தக் கதைக்கு நூறு வயது ஆகியிருந்தது.

அந்த நூறு ஆண்டு ஒரு வாழைப்பழக் கப்பலில் தொடங்குகிறது. 1908இல் ஜி. சி. ஃபாஸ்டர் என்ற ஜமைக்கா இளைஞர் பழம் ஏற்றிப் போகும் கப்பலில் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனார். ஜமைக்கா ஒலிம்பிக் அமைப்பில் உறுப்பு நாடு இல்லை என்று சொல்லி அவரை ஓடவிடவில்லை. ஊர் திரும்பியவர் கிரிக்கெட் ஆடினார், பயிற்சியாளர் ஆனார். இன்று ஜமைக்காவின் விளையாட்டு ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்கும் கல்லூரிக்கு அவர் பெயர். கியூபாவின் உதவியோடு கட்டப்பட்ட கல்லூரி அது. ஒலிம்பிக் ஏட்டில் ஃபாஸ்டருக்கு ஒரு வரிகூட இல்லை.

ஃபாஸ்டருக்குக் கதவு மூடியிருந்தது. அடுத்து வந்தவர்களுக்குத் திறந்த கதவோ வேறொருவர் வீட்டுக் கதவு. பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த ஹாரி எட்வர்ட் 1920 ஆண்ட்வெர்ப்பில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெண்கலம் வென்றார். பிரிட்டனுக்காக ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர். முதல் உலகப் போர்க் காலத்தை ஜெர்மனியில் ரூலெபன் தடுப்பு முகாமில் கழித்துவிட்டு வந்து ஓடிய கால்கள் அவை. அதே கயானாவில் வளர்ந்த ஃபில் எட்வர்ட்ஸ் கனடாவுக்காக ஓடினார். 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக்குகள், ஐந்து வெண்கலங்கள். ‘வெண்கல மனிதர்’ என்று கனடாவில் பட்டப்பெயரே வைத்தார்கள். மருத்துவமும் படித்து, பின்னாளில் வெப்பமண்டல நோய்களில் நிபுணரானார். சுதந்திரக் கயானாவின் கணக்கில் இதுவரை இருப்பது ஒரே ஒரு பதக்கம்: 1980 மாஸ்கோவில் மைக்கேல் ஆண்டனி குத்துச்சண்டையில் வென்ற வெண்கலம். ஹாரியும் ஃபில்லும் சேர்ந்து வாங்கிய ஏழு பதக்கங்களை ஒரு புறமும் அந்த ஒன்றை இன்னொரு புறமும் வைத்துப் பார்த்தால் கொடிவாரிக் கணக்கு எதை மறைக்கிறது என்று புரியும்.

இந்தியருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. 1900 பாரிஸில் நார்மன் பிரிட்சர்ட் வென்ற இரண்டு வெள்ளிகளை ஒலிம்பிக் குழு இந்தியாவுக்கு எழுதுகிறது. தடகளச் சம்மேளனம் பிரிட்டனுக்கு எழுதுகிறது.

இப்படிப் பிறந்த ஊரைப் பார்த்து எல்லாரையும் வாரிக்கொள்வதும் சரியல்ல. லின்ஃபர்ட் கிறிஸ்டி ஜமைக்காவில் பிறந்தார். ஏழு வயதில் லண்டன் போனார். அவரை ஓட்டக்காரராக்கியது லண்டன். 1992இல் அவர் வென்ற 100 மீட்டர் தங்கத்தைக் கிங்ஸ்டனுக்கு எழுதினால் அது இன்னொரு விதமான பொய்க் கணக்கு. ஃபில் எட்வர்ட்ஸையும் மெக்டொனால்ட் பெய்லியையும் நான் வேறாகப் பார்ப்பதற்குக் காரணம், ஓடக் கற்ற வயதை அவர்கள் ஊரிலேயே கழித்தார்கள் என்பதுதான். கோடு எங்கே போடுவது என்பதில் வாதம் இருக்கலாம். அந்த வாதமே எழாமல் கொடியைக் காட்டி முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை.

கொடி இருந்தும் மறக்கப்பட்ட நாடு ஹைத்தி. 1804இலேயே விடுதலை பெற்ற நாடு அது. 1928 ஆம்ஸ்டர்டாமில் சில்வியோ கேட்டர் நீளம் தாண்டுதலில் வெள்ளி வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் அருகே கொலோம்பில் 7.93 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். 26 அடியைக் கடந்த முதல் மனிதர். கால்பந்தும் ஆடியவர், பின்னாளில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் மேயர். அந்நகரின் கால்பந்து மைதானத்துக்கு அவர் பெயர். 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு வீடிழந்தவர்கள் அந்த மைதானத்தில்தான் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். உலகச் செய்திகளில் கேட்டரின் பெயர் அடிபட்டது அப்போதுதான். அகதி முகாமின் பெயராக.

நின்று பேச வேண்டியது ஜமைக்காவின் தொடரோட்ட நால்வர் கதையை. ஆர்தர் விண்ட் ஆறடி ஐந்து அங்குலம். போரில் பிரிட்டிஷ் விமானப் படை விமானி, 1948 லண்டன் ஒலிம்பிக் வந்தபோது அதே நகரில் மருத்துவ மாணவர். 400 மீட்டரில் உலக சாதனை மெக்கென்லியின் கையில் இருந்தது. எல்லாரும் அவர் பக்கம்தான் பார்த்தார்கள். கடைசி நேர்ப்பாதையில் விண்ட் தன் நீண்ட எட்டுகளை வைத்து மெக்கென்லியைக் கடந்தார். 46.2 விநாடி, ஜமைக்காவின் முதல் தங்கம். மேடையில் ஒலித்தது பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் பாட்டு. 800 மீட்டரிலும் விண்டுக்கு வெள்ளி. 4x400 தொடரோட்டத்தில் அமெரிக்காவை வெல்ல முடியும் என்ற நம்பிக்கையோடு இறங்கினார்கள். மூன்றாவது சுற்றில் விண்டின் காலில் தசை பிடித்துக்கொண்டது. அந்த நெடிய மனிதர் தடத்தின் ஓரத்தில் சாய்ந்து விழுந்தார். ஓட்டம் அதோடு முடிந்தது.

நான்கு ஆண்டு காத்திருந்து ஹெல்சிங்கிக்கு வந்தார்கள். விண்ட், லெஸ் லெயிங், மெக்கென்லி, ஜார்ஜ் ரோடன். மெக்கென்லி அதற்குள் 100 மீட்டரில் மயிரிழையில் தோற்றிருந்தார். 400 மீட்டரிலும் ரோடனுக்கும் அவருக்கும் ஒரே நேரம், 45.9, அங்கும் இரண்டாமிடம். லண்டன் வெள்ளியையும் சேர்த்தால் தனிநபர் போட்டிகளில் மூன்று வெள்ளி, ஒரு தங்கம்கூட இல்லை.

தொடரோட்டத்தில் முதல் இருவர் ஓடி முடித்தபோது அமெரிக்கா ஏறக்குறைய 12 மீட்டர் முன்னால். தடி மெக்கென்லியின் கைக்கு வந்தது. முன்னால் ஓடுபவர் சார்லி மூர், அதே ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். அந்த அளவு இடைவெளியை அந்த ஆளிடம் யாரும் பிடிக்க முடியாது என்பதுதான் கணக்கு. மெக்கென்லி பிடித்தார். ரோடனிடம் தடியைக் கொடுத்தபோது ஜமைக்கா ஒரு மீட்டர் முன்னால் இருந்தது. அவர் சுற்றுக்கு ஆன நேரம் 44.6 விநாடி. ரோடன் அந்த முன்னிலையை விடாமல் ஓடி முடித்தார். ஜமைக்கா 3:03.9, அமெரிக்கா 3:04.0. 1932இலிருந்து நின்ற உலக சாதனை 3:08.2, நான்கு விநாடிக்கு மேல் ஒரேயடியாக உடைந்தது. தடகள வரலாற்றில் இப்படி ஒரு சுற்று அபூர்வம்.

விண்ட் பிறகு அறுவை மருத்துவராகி ஜமைக்காவின் ஹனோவர் மாவட்டத்தில் வேலை பார்த்தார். இடையில் லண்டனில் ஜமைக்காவின் ஹை கமிஷனராகவும் இருந்தார். மெக்கென்லி பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். எது பெரிய சாதனை என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இனி, இல்லாத ஒரு நாட்டின் பதக்கங்கள். 1958இல் பிரிட்டன் தன் கரீபியன் தீவுகளைச் சேர்த்து மேற்கிந்தியக் கூட்டமைப்பு என்று ஒன்றை உண்டாக்கியது. 1962இல் அது கலைந்தது. நடுவில் வந்தது 1960 ரோம். நீலத்தில் வெள்ளை அலைக்கோடுகளும் நடுவே செம்பொன் சூரியனும் உள்ள கொடியோடு ஒரே அணி போனது. ஜார்ஜ் கெர் 800 மீட்டரில் வெண்கலம். 4x400இல் மால்கம் ஸ்பென்ஸ், ஜேம்ஸ் வெடர்பர்ன், கீத் கார்ட்னர், கெர் நால்வரும் சேர்ந்து இன்னொரு வெண்கலம். வெடர்பர்ன் பார்படாஸ்காரர், மற்ற மூவர் ஜமைக்கர்கள். இரண்டு ஆண்டில் நாடு போய்விட்டது. பதக்கம் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. கிரிக்கெட்டில் மட்டும் அந்தக் கூட்டணி இன்றும் உயிரோடு இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. அதே ரோமில் 400 மீட்டரில் மில்கா சிங்கை நான்காமிடத்துக்குத் தள்ளி வெண்கலம் வாங்கியவர் பெயரும் மால்கம் ஸ்பென்ஸ். அவர் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர். தொடரோட்டத்தில் தென்னாப்பிரிக்கா நான்காவது வந்தது. மூன்றாவது வந்தது கறுப்பு மால்கம் ஸ்பென்ஸின் அணி. மில்காவின் கதையைப் பலமுறை சொல்லும் நாம் இந்தப் பின்குறிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.

டச்சுக் கரீபியனின் கதை தண்ணீரில் நடக்கிறது. குராசோவின் வில்லம்ஸ்டாட்டில் பிறந்த எனித் பிரிகித்தா பதின்பருவத்தில் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1976 மாண்ட்ரியலில் 100, 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இரண்டிலும் வெண்கலம். ஒலிம்பிக் நீச்சலில் பதக்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண். 100 மீட்டரில் அவருக்கு முன்னால் வந்தவர்கள் கார்னேலியா எண்டர், பெட்ரா பிரீமர். இருவரும் கிழக்கு ஜெர்மனி. தன் வீராங்கனைகளுக்கு அந்த அரசு திட்டமிட்டு ஹார்மோன் கொடுத்தது பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஆவணங்களோடு வெளிவந்தது. அந்தப் பெண்களில் பலர் தங்களுக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்றே அறியாதவர்கள், அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான். ஆனாலும் ஒலிம்பிக் குழு பட்டியலைத் தொடவில்லை. பிரிகித்தா இன்றும் மூன்றாமவர்.

கறுப்பர்களுக்கு நீந்த வராது என்ற பேச்சு அன்று விஞ்ஞானம் போலவே உலவியது. 1988 சியோலில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் அமெரிக்காவின் மேட் பியோண்டி கடைசிவரை முன்னிலை. சுவர் நெருங்கியதும் இன்னொரு கைவீச்சு போடுவதா, இருக்கும் வேகத்திலேயே நீட்டிக்கொண்டு போவதா என்ற இரண்டில் அவர் நீட்டினார். பக்கத்தில் சூரிநாமின் ஆண்டனி நெஸ்டி கைவீசி வந்து சுவரைத் தொட்டார். நெஸ்டி 53.00, பியோண்டி 53.01. சூரிநாம் முழுமைக்கும் அப்போது 50 மீட்டர் நீச்சல் குளம் ஒன்றுதான். நாடு அவர் படத்தை அஞ்சல் தலையில் போட்டது, நாணயத்தில் பொறித்தது. சூரிநாமின் ஒலிம்பிக் பதக்கங்கள் மொத்தம் இரண்டு, இரண்டும் நெஸ்டியுடையவை. 2024 பாரிஸில் அமெரிக்க ஆண்கள் நீச்சல் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக நின்றவரும் அவரே.

பிரிகித்தாவுக்கு வராத நீதி வேறு சிலருக்குத் தபாலில் வந்தது. 2000 சிட்னியில் மேரியன் ஜோன்ஸ் 200 மீட்டர் தங்கம் வென்றபோது இரண்டாவது வந்தவர் பஹாமாஸின் பாலின் டேவிஸ்-தாம்சன், வயது 34. ஊக்கமருந்து எடுத்ததை ஜோன்ஸ் 2007இல் ஒப்புக்கொண்டார். பட்டியல் திருத்தப்பட்டது 2009 டிசம்பரில். டேவிஸ்-தாம்சன் 200 மீட்டரில் ஒலிம்பிக் சாம்பியன் ஆனார், சிட்னி மைதானத்தில் அந்த ஓட்டத்துக்காகப் பஹாமாஸின் தேசிய கீதம் ஒலிக்காமலே. 2008 பெய்ஜிங் 4x100இல் ஜமைக்காவின் நெஸ்டா கார்ட்டரின் மாதிரியை மறுபடி சோதித்ததில் தடை செய்த பொருள் சிக்கியது. 2017இல் ஜமைக்காவின் தங்கம் போனது, போல்ட்டின் ஒன்பது தங்கம் எட்டானது. அந்தத் தங்கம் டிரினிடாடுக்குப் போனது. போல்ட் ஒன்றை இழந்த செய்தியை உலகமே படித்தது. அதை வாங்கிக்கொண்ட கெஸ்டன் பிளெட்மன், மார்க் பர்ன்ஸ், இமானுவேல் காலெண்டர், ரிச்சர்ட் தாம்சன் என்ற நால்வரின் பெயரை எத்தனை பேர் படித்தார்கள் என்பது சந்தேகம்.

இந்தப் பட்டியலில் மெர்லின் ஓட்டியை எங்கே வைப்பது என்று எனக்கு எப்போதும் குழப்பம். 1980 மாஸ்கோ முதல் 2004 ஏதென்ஸ் வரை ஏழு ஒலிம்பிக்குகள், ஒன்பது பதக்கங்கள், அதில் தங்கம் ஒன்றுகூட இல்லை. 1996 அட்லாண்டாவில் 100 மீட்டரில் கெயில் டெவர்ஸும் இவரும் ஒரே 10.94, படம் டெவர்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. மெக்கென்லிக்கு நடந்தது அப்படியே திரும்பியது. ஒன்பதாவது பதக்கமும் ஜோன்ஸ் விவகாரத்தில் வந்ததுதான்: சிட்னியில் நான்காவது வந்ததற்கு ஒன்பது ஆண்டு கழித்து வெண்கலம், அப்போது அவருக்கு வயது 49. அந்தச் சிட்னியிலேயே, உள்நாட்டுப் போட்டியில் ஜெயித்த பெண்ணை நிறுத்திவிட்டு இவரை 100 மீட்டரில் இறக்கியதற்குச் சக வீரர்கள் போராட்டம் நடத்தினார்கள். பின்னர் ஸ்லோவேனியாவின் குடியுரிமை பெற்றார். 44 வயதில் அந்நாட்டுக்காக ஏதென்ஸில் ஓடினார். தங்கம் இல்லாததால் வெளியுலகம் மறந்தது. ஜமைக்காவின் பெண்கள் மறக்கவில்லை: இவர் பதக்கம் வென்றுகொண்டிருந்த நாட்களில் வளர்ந்தவர்கள்தாம் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸும் மற்றவர்களும்.

கியூபாவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அதன் அரசே தன் சாதனைகளைப் போதுமான அளவு முழங்கியிருக்கிறது. ஒன்று மட்டும்: 1976இல் ஆல்பர்ட்டோ ஹுவான்டொரேனா 400 மீட்டரையும் 800 மீட்டரையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றார். இன்றுவரை வேறு எந்த ஆணும் அதைச் செய்யவில்லை. அதே மாண்ட்ரியலில் 100 மீட்டர் தங்கம் டிரினிடாடின் ஹேஸ்லி கிராஃபர்டுக்கு, 200 மீட்டர் ஜமைக்காவின் டான் குவாரிக்கு. அதாவது 100 முதல் 800 வரை ஆண்களின் நான்கு தங்கமும் கரீபியனுக்கு. அந்த ஒலிம்பிக் என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது நாடியா கொமனேச்சி. ஆப்பிரிக்க நாடுகளின் புறக்கணிப்பைப் பற்றியும் எழுதுவார்கள். இந்த நான்கையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியவர்கள் குறைவு.

ஏன் இவ்வளவு வேகம் என்ற கேள்விக்கு மரபணு, வள்ளிக்கிழங்கு என்று ஏதேதோ சொல்வார்கள். மரபணு விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. அதே மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் கோடிக்கணக்கில் வாழும் நாடுகள் பல இருக்க, ஜமைக்கா மட்டும் ஏன் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. பதில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ‘சாம்ப்ஸ்’ என்று செல்லமாக அழைக்கப்படும் பள்ளிகளுக்கிடையிலான தடகளப் போட்டி ஜமைக்காவில் 1910 முதல் நடக்கிறது. தேசிய மைதானம் நிரம்பி வழியும். கலாபார், கிங்ஸ்டன் காலேஜ் போன்ற பள்ளிகளின் பழைய மாணவர்கள், தலை நரைத்தவர்கள்கூட, பள்ளி நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்து கத்துவார்கள். மெக்கென்லி பயிற்சி கொடுக்கப் போனது கலாபாருக்குத்தான். 44.6 விநாடியில் ஓடியவர் தடம் பக்கத்தில் நின்று ‘இப்படி ஓடு’ என்று சொல்லிக் கொடுக்கும்போது பதினைந்து வயதுப் பையனுக்கு ஒலிம்பிக் தொலைதூரமாகத் தெரியாது.

இன்னொரு வழி அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை. மெக்கென்லி இல்லினாயில், ரோடன் மார்கன் ஸ்டேட்டில், டிரினிடாடின் வெண்டல் மாட்லி யேலில் படித்தார்கள். (1964 டோக்கியோவில் 400 மீட்டர் வெள்ளி வென்ற மாட்லி பின்னர் டிரினிடாடின் நிதியமைச்சர் ஆனார்.) வசதி அங்கே இருந்தது, போனார்கள். ஆனால் இதனால் ‘அமெரிக்கா உருவாக்கியவர்கள்’ என்று இன்னொரு கை இவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

உலகம் கரீபியனின் எந்த ஒலிம்பிக் கதையை ஆசையோடு நினைவில் வைத்தது என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வண்டி கவிழ்ந்த ஜமைக்கா அணி. ஹாலிவுட் படமே எடுத்தார்கள். பனியைப் பார்க்காதவர்கள் பனியில் விழுவது வேடிக்கைதான். அந்த அணி 1994இல் லில்லிஹாமரில் நால்வர் பிரிவில் 14ஆம் இடம் பிடித்து அமெரிக்காவை முந்தியது. அதற்குப் படம் இல்லை.

2024 பாரிஸ் தொடக்க விழாவில் தீபம் ஏற்றியவர்கள் மரி-ஜோசே பெரெக், டெடி ரினெர். இருவரும் குவாதலூப்பில் பிறந்தவர்கள். பெரெக் பதினாறு வயதுவரை அங்கேயே வளர்ந்து, பின் 400 மீட்டரில் இரண்டு முறையும் 200 மீட்டரில் ஒரு முறையும் தங்கம் வென்றவர். ரினெர் கைக்குழந்தையாகப் பாரிஸ் வந்து ஜூடோ சாம்பியன் ஆனவர். பிரான்ஸின் பெருமையாக இருவரையும் உலகம் பார்த்தது, அதில் பொய்யில்லை. அடுத்த சில நாட்களில் டொமினிக்காவின் தியா லஃபாண்ட் மும்முறைத் தாண்டுதலில் 15.02 மீட்டர் தாண்டினார். மழையில் நனைந்த தடத்தில் செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட் 10.72 விநாடியில் 100 மீட்டரை வென்றார். இரு நாடுகளுக்கும் அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம், இரண்டும் தங்கம். கொடி இருந்ததால் கணக்கு சரியான பக்கத்தில் ஏறியது.

ஆகஸ்ட் 8 நள்ளிரவு, நம் வீடுகளில் விழித்திருந்தவர்கள் பார்த்தது ஈட்டி எறிதல். அர்ஷத் நதீம் 92.97, நீரஜ் சோப்ரா 89.45. மூன்றாவதாக 88.54 மீட்டர் எறிந்தவர் கிரெனடாவின் ஆண்டர்சன் பீட்டர்ஸ், மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தாயிரம் உள்ள தீவிலிருந்து. மறு வருடம் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் நீரஜ் எட்டாவதாக முடித்த போட்டியில் பீட்டர்ஸுக்கு வெள்ளி. தங்கம் 88.16 மீட்டர் எறிந்த கெஷோர்ன் வால்காட்டுக்கு. 2012 லண்டனில் பத்தொன்பது வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அவர். டிரினிடாடின் வடகிழக்கு மூலையில், டோகோ என்ற கடலோர ஊரில் பிறந்தவர். அந்த ஊர்க் கலங்கரை விளக்கத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.